ஏற்காட்டில் ஏபி, சேலத்தில் கன்ட்ரோலர்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற 20 கொண்டை ஊசி வளைவு. விடுதி வைஃபையைச் சரிசெய்ய ஏணியும் டூல் கிட்டும் ஏற்றிக்கொண்டு மேலே போய், காட்டேஜ் காட்டேஜாகச் சுற்றிவிட்டு, கோளாறு கீழே ஆபீஸில் இருக்கும் கன்ட்ரோலரில்தான் என்று தெரிந்தால் ஒரு நாள் வீண். அதற்குள் அங்கே யாராவது பதறிப்போய் எல்லா ஏபியையும் ரீசெட் செய்திருந்தால் அடுத்த நாளும் வீண். வைஃபை வரவில்லை என்றால் வரவேற்பறையில் நிற்கும் பிள்ளைகள்தான் விருந்தினரிடம் ஏச்சு வாங்குகிறார்கள். போனிலேயே நாலு கேள்வி கேட்டுக் காரணத்தை நெருங்கிவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி, நமக்கும் வேலை சுலபம்.

ஏபி என்பது கூரையில் வட்டத் தட்டு மாதிரி ஒட்டியிருக்கும் ஆக்சஸ் பாயிண்ட். கன்ட்ரோலர் என்பது ஒரு மென்பொருள். அது சின்னப் பெட்டியிலும் ஓடும், ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் ஓடும், கிளவுடிலும் ஓடும். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, சேனல், பவர் எல்லாவற்றையும் அங்கே ஒருமுறை எழுதினால் எல்லா ஏபிக்கும் போய்ச் சேரும். முடிவெடுக்கும் மூளை ஒரு பக்கம், தரவைக் கடத்தும் கை கால் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருப்பதுதான் இந்த அமைப்பின் பலம். பிழை தேடும்போது நமக்குப் பிடிமானமும் அந்தப் பிரிவுதான். எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதை அறிகுறியே சொல்லிவிடும்.

போனை எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஏற்கெனவே வைஃபையில இருக்கிறவங்களுக்கு நெட் வருதுங்களா?" மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

கன்ட்ரோலரில் எல்லா ஏபியும் சிவப்பு, ஆனால் நெட் ஓடுகிறது

இது மூளைப் பக்கக் கோளாறு. மேஸ்திரி கிளம்பிப் போய்விட்டாலும் கொத்தனார் கட்டிக்கொண்டிருக்கும் சுவரைக் கட்டிக்கொண்டேதான் இருப்பார். கடைசியாக வந்த அமைப்பை வைத்துக்கொண்டு ஏபியும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஏபியைத் தொடாதீர்கள். கரண்டைப் பிடுங்கிச் செருகவும் வேண்டாம். சில வகை ஏபி மறுபடி எழும்போது கன்ட்ரோலரைத் தேடி நிற்கும், கிடைக்காவிட்டால் வைஃபை பெயரையே காட்டாது. ஓடுகிற நெட்டையும் நாமே நிறுத்திய கதையாகிவிடும்.

பார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் கன்ட்ரோலர் ஓடுகிறதா, டிஸ்க் நிறைந்துவிட்டதா என்று பாருங்கள். பழைய பதிவுகள் மாதக்கணக்கில் சேர்ந்து டிஸ்க்கை அடைத்துக்கொள்வது சாதாரணம். திடீரென்று கரண்ட் போய் வந்திருந்தால் தரவுத்தளம் சிதைந்து மென்பொருள் எழாமலே நிற்கலாம். கன்ட்ரோலர் பெட்டிக்கு யூபிஎஸ் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். ஏபிக்கு யூபிஎஸ் வைத்துவிட்டுக் கன்ட்ரோலரை நேரடி பிளக்கில் விட்டிருக்கும் இடங்களைப் பார்க்கும்போது மனசு பொறுக்காது.

அடுத்தது தேதி. இதைப் பலரும் பார்ப்பதில்லை. பழைய கம்ப்யூட்டரில் கன்ட்ரோலர் ஓடுகிறது, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது, நீண்ட நேரம் கரண்ட் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எழும்போது கடிகாரம் எங்கோ பழைய வருடத்தில் நிற்கும். ஏபியும் கன்ட்ரோலரும் சான்றிதழ் காட்டிப் பேசிக்கொள்ளும் அமைப்பில், அந்தத் தேதிப்படி சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. உடனே மறுத்துவிடும். பதிவில் சான்றிதழ் பிழை என்று வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள், நேர சர்வர் முகவரி சரியாக இருக்கிறதா பாருங்கள். இதன் மறுபக்கமும் உண்டு: சில பழைய ஏபிகளில் தொழிற்சாலையிலேயே பதித்த சான்றிதழுக்கு 10 வருடம்தான் ஆயுள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய மாடல்கள் அடுத்தடுத்து விழுந்தால், ஏபியின் வயதைக் கணக்குப் பாருங்கள்.

மூன்றாவது, முகவரி. கன்ட்ரோலர் சேலத்தில், ஏபிகள் ஏற்காட்டில் என்றால் ஏபி இணையம் வழியாகக் கீழே வந்து கதவைத் தட்ட வேண்டும். கீழே பிராட்பேண்ட் ஐபி மாறிவிட்டால் ஏபி பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ஏபிக்கு ஐபி எண்ணைக் கொடுக்காமல் ஒரு பெயரைக் கொடுங்கள், பெயருக்குப் பின்னால் எண் மாறினாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ரவுட்டரின் வெளிப்பக்க ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் இருந்தால் பெயர் வைத்தும் பயனில்லை. இணைய நிறுவனம் பல வாடிக்கையாளரை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து யாரும் உங்கள் கன்ட்ரோலருக்குள் வர முடியாது. நிலையான ஐபி வாங்குங்கள், இல்லையென்றால் விபிஎன் (இரண்டு இடத்துக்கும் நடுவே மூடிய இணையப் பாதை) போடுங்கள், இல்லையென்றால் கன்ட்ரோலரைக் கிளவுடுக்கு மாற்றுங்கள். 

ஒரு எச்சரிக்கை. எல்லா அமைப்பும் இப்படிக் கன்ட்ரோலர் இல்லாமல் தாக்குப்பிடிக்காது. விருந்தினரின் தரவையே குழாய் போட்டுக் கன்ட்ரோலருக்குக் கொண்டுவந்து அங்கிருந்து வெளியே விடும் அமைப்பும் உண்டு. அதில் கன்ட்ரோலர் விழுந்தால் நெட்டும் விழும். மலைக்கு மேலே ஒரு கிளை, கீழே தலைமை ஆபீஸ் என்றிருப்பவர்கள் தரவை அந்தந்த இடத்திலேயே வெளியேற்றும்படி அமைப்பதுதான் நல்லது.

ஒரே ஒரு ஏபி மட்டும் விழுந்து எழுகிறது

இது கை கால் பக்கம். கன்ட்ரோலரை நோண்டி நேரம் போக்க வேண்டாம். கரண்ட், கேபிள், கனெக்டர் இந்த மூன்றுக்குள்தான் விடை. அந்த ஏபி எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்று கன்ட்ரோலரிலேயே பாருங்கள். நேரம் தொடர்ந்து ஏறிக்கொண்டிருந்தால் கரண்ட் சரி, வலையமைப்பு இணைப்புதான் அறுகிறது. அடிக்கடி பூஜ்யத்துக்கு வந்தால் கரண்ட்தான் பிரச்சினை.

நெட் கேபிளிலேயே கரண்டும் போகும் பிஓஇ முறையில், 802.3ஏஎஃப் என்ற தரம் ஸ்விட்ச் (நெட் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி) போர்ட்டில் 15.4 வாட் கொடுக்கும், கேபிளின் கடைசியில் 12.95 வாட்தான் உறுதி. 802.3ஏடி என்றால் 30 வாட், கடைசியில் 25.5. வைஃபை 6 ஏபி பலவற்றுக்கு இரண்டாவது வகை வேண்டும். முதல் வகையில் செருகினாலும் லைட் எரியும், பெயர் வரும், சில மாடல் ரேடியோவைக் குறைத்துக்கொண்டு ஓடும். சாயங்காலம் எல்லோரும் அறைக்குத் திரும்பி வீடியோ போடும்போது பவர் தேவை ஏறும், அப்போது விழும். "பகல்ல நல்லா இருக்குங்க, ராத்திரிதான் போகுது" என்று சொன்னால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஸ்விட்ச்சின் மொத்த வாட் கணக்கையும் பாருங்கள். 8 போர்ட் இருக்கிறது என்பதற்காக எட்டுக்கும் முழு பவர் கிடைக்கும் என்று இல்லை.

கேபிள் விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விலை குறைவு என்று வாங்கும் கேபிளில் உள்ளே இருப்பது செம்பு பூசிய அலுமினியமாக இருக்கலாம். ஒரு கம்பியை எடுத்து பிளேடால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம் போய் வெள்ளையாக மின்னினால் அலுமினியம். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட சுமார் 1.6 மடங்கு. 20 மீட்டரில் தெரியாது. தோட்டத்தைத் தாண்டிக் கடைசி காட்டேஜ் வரை 90 மீட்டர் இழுத்தால் வழியிலேயே வோல்ட்டேஜ் இறங்கிவிடும். 100 மீட்டர் எல்லை என்பது நல்ல செம்பு கேபிளுக்குச் சொன்னது.

ஏற்காட்டில் இன்னொரு எதிரி தண்ணீர். வெளிச்சுவரில் இருக்கும் ஏபிக்கு மேலிருந்து நேராகக் கேபிள் இறங்கினால், மழைநீரும் மூடுபனித் துளியும் கேபிள் வழியே வழிந்து போர்ட்டுக்குள்ளேயே போய் நிற்கும். கழற்றிப் பார்த்தால் கேபிள் நுனிக் கிளிப்பின் எட்டு உலோக முனைகளில் இரண்டு பச்சை பூத்திருக்கும். பார்க்க ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும், நகத்தால் தடவினால் பொடி உதிரும். ஒரு ஜோடி கம்பி போனால் 1000 எம்பிபிஎஸ் இணைப்பு 100-க்கு இறங்கக்கூடும். ஏனென்றால் 1000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். ஸ்விட்ச்சில் அந்தப் போர்ட்டின் வேகம் திடீரென்று 100 என்று காட்டினால், ஏபி விழுவதற்கு முன்பே உங்களுக்குச் சேதி வந்துவிட்டது. புதுக் கிளிப் அடியுங்கள், கேபிள் ஏபிக்குள் போகும் முன் கீழே ஒரு வளைவு தொங்கி மேலே ஏறும்படி விடுங்கள். தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். நுழைவாயிலின் ரப்பர் மூடியைப் போட மறக்காதீர்கள்.

கோடை இடி மழைக்கு மறுநாள் ஒரு போர்ட் மட்டும் செத்திருந்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. கட்டடத்துக்குக் கட்டடம் செம்பு கேபிள் இழுப்பதை விட்டுவிட்டு ஃபைபர் போடுங்கள். இதில் நான் சமரசம் செய்வதே இல்லை.

புதிதாக மாட்டிய ஏபி கன்ட்ரோலரில் தெரியவே இல்லை

ஒரே வலையமைப்புக்குள் இருந்தால் ஏபி கூவிக் கூப்பிடும், கன்ட்ரோலருக்குக் கேட்கும். வேறு வி-லேனிலோ (ஸ்விட்ச்சுக்குள் தனியாகப் பிரித்த வலையமைப்பு) வேறு ஊரிலோ இருந்தால் அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. அப்போது கன்ட்ரோலர் எங்கே என்று ஏபிக்கு நாமே சொல்ல வேண்டும்: ஐபி முகவரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஹெச்சிபியில் 43 அல்லது 138 என்ற விருப்பத்தில் முகவரி கொடுக்கலாம், பெயருக்கு ஐபி எண் சொல்லும் டிஎன்எஸ்ஸில் ஏபி நிறுவனம் எதிர்பார்க்கும் பெயரைப் பதியலாம், ஏபிக்குள் நுழைந்து கையால் எழுதலாம். நிறைய ஏபி இருந்தால் டிஹெச்சிபிதான் சுகம்.

நடுவில் ஃபயர்வால் (போக்குவரத்தைத் தடுத்து வடிகட்டும் காவல்) இருந்தால் இந்த எண் கொண்ட கதவுகளைத் திறங்கள். ஏபியும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ள 2009-இல் தரப்படுத்தப்பட்ட கேப்வாப் நெறிமுறையில் கட்டுப்பாட்டுக்கு யூடிபி 5246, தரவுக்கு 5247. யூனிஃபை பிராண்ட் ஏபிக்கு டிசிபி 8080. ஓமாடா பிராண்டில் தேடல் யூடிபி 29810-இல் தொடங்கும். ஏபி தெரிந்தும் "வேறொருவரால் நிர்வகிக்கப்படுகிறது" என்று வந்தால் அது பழைய கன்ட்ரோலரின் கணக்கில் இன்னும் இருக்கிறது. அங்கிருந்து முறையாக விடுவித்துவிட்டுக் கொண்டுவாருங்கள். மென்பொருள் பதிப்பு பொருந்தவில்லை என்றால் கன்ட்ரோலரை முதலில் மேம்படுத்துங்கள், ஏபியை அப்புறம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஏபியில் நாட்டுக் குறியீடு வேறாக இருந்தாலும் சில கன்ட்ரோலர் சேர்க்காது.

வைஃபை பெயர் வருகிறது, இணைகிறது, நெட் இல்லை

போனில் ஐபி முகவரியைப் பார்க்கச் சொல்லுங்கள். 169.254 என்று தொடங்கினாலோ ஐபியே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தாலோ டிஹெச்சிபி பதில் தரவில்லை. இதற்கு இரண்டு காரணம், பிரித்துப் பார்க்கும் வழி எளிது. ஒரு ஏபிக்குக் கீழே மட்டும் இப்படி, மற்ற இடத்தில் சரி என்றால் அந்த ஏபி மாட்டியிருக்கும் ஸ்விட்ச் போர்ட்டில் விருந்தினர் வி-லேன் சேர்க்கப்படவில்லை. கன்ட்ரோலர் ஏபிக்குத்தான் சொல்லும், நடுவில் இருக்கும் வேறு நிறுவன ஸ்விட்ச்சுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எல்லா இடத்திலும், அதுவும் கூட்டம் ஏறிய பிறகு மட்டும் என்றால் முகவரி தீர்ந்துவிட்டது. மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது இது நிச்சயம் வரும். சாதாரண வலையமைப்பில் 254 முகவரிதான், அதில் ரவுட்டருக்கும் ஏபிகளுக்கும் போக மிச்சம். குத்தகை, அதாவது ஒரு போனுக்கு முகவரியை ஒதுக்கி வைக்கும் காலம், 24 மணி நேரம் என்றிருந்தால் காலையில் அறையைக் காலி செய்து கீழே இறங்கியவரின் முகவரி மறுநாள் வரை பூட்டியே கிடக்கும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் வெவ்வேறு மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) காட்டுகின்றன; ஒரே வி-லேனில் இரண்டு பெயர் வைத்திருந்தால் ஒரே போன் இரண்டு முகவரி பிடித்துவிடும். குத்தகையை 2 மணி நேரமாகக் குறையுங்கள், வலையமைப்பை ஒரு படி பெரிதாக்கி 510 முகவரி ஆக்குங்கள். விழா தொடங்குவதற்கு முன்பே செய்துவிட்டால் நல்லது.

ஐபி சரியாக இருந்தும் லாகின் பக்கம் வரவில்லை என்றால்: அந்தப் பக்கத்தைத் தருவது பெரும்பாலும் கன்ட்ரோலர்தான், அது உயிரோடு இருக்கிறதா பாருங்கள். லாகினுக்கு முன்பே டிஎன்எஸ் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள்.

வாட்ஸ்அப் வருகிறது, சில தளம் மட்டும் திறக்கவில்லை

சின்னப் பொட்டலம் போகிறது, பெரியது மாட்டிக்கொள்கிறது. பிராட்பேண்ட் பிபிபிஓஇ (பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) என்றால் பொட்டலத்தின் உச்ச அளவு 1500 பைட்டிலிருந்து 1492 ஆகக் குறைகிறது. மேலே விபிஎன்னோ கேப்வாப் குழாயோ இருந்தால் இன்னும் குறையும். லேப்டாப்பிலிருந்து துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் 1472 பைட் பிங் (சோதனைப் பொட்டலம்; தலைப்பு 28 பைட் சேர்ந்தால் 1500) அனுப்புங்கள், அப்புறம் 1464. முன்னது நின்று பின்னது போனால் பிபிபிஓஇ அளவுதான். இரண்டுமே நின்றால் இறங்கிக்கொண்டே போய் எது போகிறது என்று பாருங்கள். ரவுட்டரில் டிசிபி எம்எஸ்எஸ் (ஒரு பொட்டலத்துக்குள் போகும் தரவின் உச்சம்) அளவை அதற்கேற்ப, பிபிபிஓஇ மட்டும் என்றால் 1452 என்று கட்டிவிடுங்கள்.

காட்டேஜுக்குள் போயும் வரவேற்பறை ஏபியையே பிடித்துக்கொண்டிருக்கிறது

எந்த ஏபியில் இருப்பது என்று முடிவு செய்வது போன், கன்ட்ரோலர் இல்லை. கன்ட்ரோலர் ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். ஐபோன் சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கினால்தான் வேறு ஏபியைத் தேடவே தொடங்கும். ஏபியின் பவரை முழுதாக ஏற்றி வைத்திருந்தால் போனுக்கு ஏபியின் குரல் பலமாகக் கேட்கும், அதனால் அது நகராது. போனின் மெல்லிய குரல் ஏபிக்கு எட்டாது. சிக்னல் கோடு முழுதாக இருந்தும் நெட் திணறும் ரகசியம் இதுதான். பவரைக் குறையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல் மட்டும் மாறி மாறிப் போடுங்கள். பழைய எஸ்டேட் பங்களாவின் தடித்த கல்சுவருக்குள் 5 கிகாஹெர்ட்ஸ் நுழையாது, அறைக்கு அறை ஏபி வைப்பதைத் தவிர வழியில்லை.

போன் அடுத்த ஏபியைத் தேர்ந்தெடுக்க உதவும் 802.11கே, வி இரண்டையும் போடுங்கள். 802.11ஆர் வேகமாக மாற உதவும், ஆனால் பழைய பிரிண்டர், பில்லிங் மெஷின் சில அதைப் போட்டதும் இணைய மறுக்கும். சேலம் ஜவுளிக்கடைகளில் திடீரென்று பில் மெஷின் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் முந்தின நாள் யாராவது இதைத் தொட்டார்களா, வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3-க்கு மாற்றினார்களா என்று கேளுங்கள். பில் மெஷினுக்குத் தனியாக ஒரு வைஃபை பெயர் வைத்துவிடுவது எளிது.

மூடுபனி இறங்கினால் இரண்டு கட்டடத்துக்கு நடுவே இணைப்பு மந்தம்

எல்லோரும் பனியைக் குறை சொல்கிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்குப் பனி ஒரு பொருட்டே இல்லை. நனைந்த இலைதான் குற்றவாளி. காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக், வெயில் நாளில் கொஞ்சம் விடும், ஈரமானதும் சிக்னலைக் குடித்துவிடும். ஆன்டெனாவிலிருந்து ஆன்டெனா கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 1 கிலோமீட்டர் தூரத்துக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸில், பாதையின் நடுவில் நேர்கோட்டைச் சுற்றி 3.6 மீட்டர் ஆரத்தில் சிக்னல் பரவிப் போகிறது. அதில் குறைந்தது 60 சதவீதம், அதாவது 2.2 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். மரம் வருடா வருடம் வளரும். நிழல்மரக் கிளை கழிக்கும் நேரத்தில் தோட்டத்துக்காரரிடம் சொல்லி அந்த வரிசையையும் கழிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கம்பத்தை உயர்த்துங்கள்.

வானம் தெளிவாக இருக்கும்போதே இணைப்பு சட்டென்று ஒரு நிமிடம் அறுந்து, வேறு சேனலில் எழுகிறதென்றால் ரேடாருக்கு வழிவிடும் சேனலில் இருக்கிறீர்கள். கட்டடங்களுக்கு நடுவே போகும் இணைப்பைத் தானியங்கிச் சேனலில் விடாமல் 149 போன்ற சேனலில் நிலையாக வையுங்கள்.

கன்ட்ரோலரில் ஒன்றை மாற்றியதும் எல்லாம் விழுந்தது

ஒரு கிளிக்கில் எல்லா ஏபியும் சரியாகும் என்றால், ஒரு கிளிக்கில் எல்லாம் கெடவும் செய்யும். அதிகம் நடப்பது நிர்வாக வி-லேனை மாற்றுவது. ஏபிகள் புது வி-லேனுக்குத் தாவிவிடும், ஸ்விட்ச்சில் அது இருக்காது, எல்லாம் ஒரே நேரத்தில் காணாமல் போகும். கன்ட்ரோலரில் பழையபடி மாற்றினாலும் ஏபிக்குச் சேதி போகாது, ஏனென்றால் பாதை இல்லை. ஸ்விட்ச்சில் அந்தப் புது வி-லேனைச் சேர்த்து, அதற்கு டிஹெச்சிபியும் கன்ட்ரோலர் வரை வழியும் கொடுங்கள். ஏபிகள் தானாகத் திரும்பி வரும். வந்த பிறகு நிதானமாகப் பழைய நிலைக்குக் கொண்டுபோகலாம்.

ஏபியின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரை முதலில் ஒரு ஏபிக்கு மட்டும் போடுங்கள், ஒரு நாள் ஓடட்டும், அப்புறம் மற்றவை. மலை மேலே இணைய வேகம் குறைவென்றால் எல்லா ஏபியும் ஒரே நேரத்தில் கோப்பை இழுத்து, பாதியில் நின்று, மறுபடி இழுத்து விடிய விடிய இதே வேலையாக இருக்கும். காப்புப் பிரதியைக் கன்ட்ரோலர் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பது வைக்காததற்குச் சமம். வெளியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

ரீசெட் ஊசியைக் கையில் எடுக்கும் நேரமும் வரும். ஏபி வேறு கன்ட்ரோலரின் கணக்கில் மாட்டி, அந்தக் கன்ட்ரோலரும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை என்றால் வேறு வழி கிடையாது. அப்போதும் முதலில் எந்த அறை, எந்த ஸ்விட்ச் போர்ட், என்ன மேக் முகவரி, எந்தச் சேனல், என்ன பவர் என்று தாளில் எழுதிக்கொண்டு, ஒரு ஏபியை மட்டும் ரீசெட் செய்து, அது கன்ட்ரோலரில் பச்சையாக வந்து ஒரு போன் இணைந்த பிறகு அடுத்ததுக்குப் போங்கள்.